ஆற்காட்டு ரூபாயும் அரக்கன் வயிற்றுப் பொற்காசும்

என் அக்கா மகன் காட்பாடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு, முள் கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே என்னிடம் ஒரு யோசனை கேட்டான். இரண்டு வருடமாக அவன் ஆடிவரும் இணைய விளையாட்டு ஒன்றில் பெரிய அப்டேட் வரப்போகிறதாம். புதிய நிலப்பரப்பு, புதிய ஆயுதங்கள், கற்றுக்கொள்ளப் புதிதாக ஒரு கைத்தொழில். அவன் கையில் நாற்பது லட்சம் பொற்காசு சேர்ந்திருக்கிறது. "மாமா, இதைக் காசாகவே வைத்திருப்பதா, சரக்காக மாற்றிக்கொள்வதா?"

முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் காசாளராக உட்கார்ந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிறகு இத்தகைய கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது. அந்த வாரம் நான் எண்ணிய ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நினைத்தால் இப்போதும் விரல் நுனி எரிகிறது. "ஒரு வாரம் பொறு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த ஒரு வாரம் ஐந்து வாரமாக நீண்டது. படிக்கப் படிக்க, அவன் உலகத்துப் பொற்காசுக்கும் என் தாத்தாவின் தகர டப்பாவில் கிடக்கும் ஆற்காட்டு ரூபாய்க்கும் ஊர் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது.

முதலில், அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பணம் வைத்து ஆடும் ரம்மி வகையறாக்களைப் பற்றி நான் பேசவில்லை. அது வேறு சங்கதி. இங்கே சொல்வது ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் உலவி, வேட்டையாடி, சுரங்கம் வெட்டி, கடை போட்டு வாழும் விளையாட்டுகளைப் பற்றி. அங்கே ஓர் அரக்கனைக் கொன்றால் அவன் வயிற்றிலிருந்து பன்னிரண்டு காசு விழுகிறது. அந்தக் காசு யார் பையிலிருந்தும் வந்ததல்ல. அவன் செத்த நொடியில் அடிக்கப்பட்டது. ஒவ்வொரு அரக்கனும் ஒரு நாணயச்சாலை. இரவு பகலாக லட்சம் பேர் அரக்கர்களை வெட்டிக்கொண்டிருந்தால் எத்தனை காசு சந்தையில் சேரும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதை விளக்கும்போது மேல்நாட்டு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் தண்ணீர்க் குழாயையும் வடிகாலையும் உவமை சொல்வார்கள். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை வாசலிலேயே இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலாஜாவுக்கு அருகில் பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேர்கிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. மிஞ்சினால் கலங்கல் வழியாக வெளியேறுகிறது. அரக்கன் வயிற்றுக் காசு வரத்துக்கால். ஆயுதத்தைப் பழுது பார்க்கும் கூலி, பயணக் கட்டணம், சந்தை வரி, பகட்டுக்கு வாங்கும் குதிரை ஆகியவை மதகும் கலங்கலும். அங்கே கொடுக்கும் காசு யாரிடமும் போய்ச் சேர்வதில்லை, மறைந்துபோகிறது. என் மருமகன் தன் வாளை இன்னொருவனுக்கு விற்கிறானே, அது இரண்டும் இல்லை. ஏரிக்குள்ளேயே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகரும் அலை. எத்தனை வியாபாரம் நடந்தாலும் நீர்மட்டம் மாறாது. ஒரு விளையாட்டில் கொடுக்கல் வாங்கல் அமோகமாக நடப்பதைப் பார்த்துவிட்டு அங்கே பொருளாதாரம் செழிப்பாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான்.

தண்ணீரை வெளியே விடாமல் சுற்றவிட்டால் என்ன என்ற ஆசை ஆரம்பத்திலேயே சிலருக்கு வந்தது. 1997 செப்டம்பரில் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டை வடிவமைத்தவர்கள், உலகத்தில் உள்ள பொருளின் மொத்த அளவை நிர்ணயித்துவிட்டார்கள். பழைய இரும்பு தேய்ந்து அழிந்தால்தான் புதிய இரும்பு மலையில் முளைக்கும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் ஆடியவர்கள் மனிதர்கள். கிடைத்த சட்டை, கிடைத்த இரும்பு எல்லாவற்றையும் வீட்டில் அடுக்கிப் பூட்டிவைத்தார்கள். பதுக்கியது அழியாததால் புதியது முளைக்கவில்லை. கடைசியில் நிறுவனம் அந்த வட்டத்தை உடைத்து, வரத்துக்காலைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பெரும்பாலான விளையாட்டுகள் திறந்த ஏரிதான். பணவீக்கம் அவற்றின் பிறவி நோய்.

அப்டேட் என்பது இந்த ஏரியில் ஒரே இரவில் நடக்கும் மராமத்து. அது வரத்தை மாற்றலாம். எதற்குத் தேவை, எதற்கு இல்லை என்பதை மாற்றலாம். யார் யாரோடு எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற சட்டத்தை மாற்றலாம். பெரும்பாலும் மூன்றும் கலந்தே நடக்கும். ஆனால் காயம் எங்கே படுகிறது என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதம்.

தேவை மாறுவதைப் புரிந்துகொள்ள வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் 2007 ஜனவரியைப் பார்த்தால் போதும். 2004இல் தொடங்கிய அந்த விளையாட்டில் அப்போதுதான் முதல் பெரும் விரிவாக்கம் வந்தது. அதுவரை நாற்பது பேர் சேர்ந்து, மாதக் கணக்கில் இரவு விழித்து, பாதாளக் கோட்டைகளில் போராடி வென்ற கவசங்கள் இருந்தன. அவற்றை அணிந்து நகரத்து வாசலில் சும்மா நிற்பதே ஒரு பெருமை. புதிய நிலத்துக்குள் நுழைந்து பன்றி விரட்டுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்தவர்களுக்கு, அதற்கு நிகரான, சில வேளை அதைவிட மேலான கவசங்கள் கூலியாகக் கிடைத்தன. நேற்றைய மாணிக்கம் இன்று கூழாங்கல். அதே நேரத்தில் நகைத்தொழில் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைக் கற்க விரும்பியவர்கள் அனைவரும் அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும். செம்பும் வெள்ளீயமும் வேண்டும். புதுமுகங்கள் மட்டும் சீந்திய தாதுக்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது.

என் மருமகனுக்கான பாதி பதில் இதில் இருக்கிறது. அப்டேட்டில் அடிபடுவது முதலில் காசு இல்லை. பழைய உலகத்தின் உச்சியில் இருந்த பொருள்தான் அடிபடுகிறது. அடிமட்டத்துக் கச்சாப்பொருள் தப்பிக்கிறது, சில சமயம் ஏறுகிறது. காசு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புதிய நிலத்திலும் அது செல்லும்; ஆனால் புதிய நிலத்து அரக்கன் பன்னிரண்டுக்குப் பதில் நூறு காசு கக்குவான். கையில் உள்ள காசு குறையாது, அதன் கனம் குறையும்.

வரத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே விளையாட்டே உதாரணம். 2014 நவம்பரில் வந்த விரிவாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கோட்டை கொடுத்தார்கள். கோட்டையில் வேலையாட்கள். அவர்களைப் பணிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் காப்பி குடிக்கலாம். திரும்பும்போது பொன்னோடு வருவார்கள். அரக்கனைக் கொல்லும் சிரமம்கூட இல்லாமல் வரத்துக்கால் ஓடியது. ஐந்து மாதம் கழித்து, 2015 ஏப்ரலில், நிறுவனம் ஒரு டோக்கனைக் கொண்டுவந்தது. ஒருவர் 20 டாலர் கொடுத்து அதை வாங்கி, பொற்காசுக்கு விற்கலாம். வாங்குபவர் அதை ஒரு மாதச் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க சர்வர்களில் அது முதல் நாள் 30,000 பொற்காசுக்கு விற்பனைக்கு வந்தது. பின்னாளில் இரண்டு லட்சத்தையும் தாண்டிச் சென்றது. டாலரில் விலை அதேதான், பொன்தான் இளைத்துக்கொண்டே போனது. 2017 பிப்ரவரியில் அந்த டோக்கனை அந்நிறுவனத்தின் மற்ற விளையாட்டுகளுக்கும் செலவிடலாம் என்று ஒரு வரி அறிவிப்பு வந்தபோது அதன் விலை ஒரே மூச்சில் துள்ளியது. அன்று ஏரிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக வரவில்லை. சட்டம் மட்டும் மாறியது.

பெருகிய பொன்னை வடிக்க அவர்கள் வெட்டிய கலங்கல்களும் பெரியவைதான். 2018இல், முதுகில் ஏலக்காரனைச் சுமந்து நடக்கும் ராட்சத டைனோசர் ஒன்றை 50 லட்சம் பொற்காசுக்குக் கடையில் நிறுத்தினார்கள். 2020இல் அடுத்த விரிவாக்கத்தோடு அது அந்தக் கடையிலிருந்து போய்விடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவ்வளவுதான், பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள் மக்கள். இது நல்ல மராமத்து என்றே சொல்வேன். யாரையும் கட்டாயப்படுத்தாமல் தண்ணீர் வடிந்தது. ஆனால் 2024 அக்டோபரில் அதே வகை விலங்கின் புதிய வடிவம் 90 டாலருக்கு நேரடியாகப் பணக் கடையில் விற்பனைக்கு வந்தது. கலங்கலில் போக வேண்டிய நீருக்குப் பதிலாக, இம்முறை கம்பெனியின் கல்லாவுக்கு ஒரு கால்வாய்.

இனி சட்டம். இங்கேதான் எனக்கு ஆற்காடு நினைவுக்கு வந்தது; கொஞ்சம் சுற்றிப் போகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுகளின் தலைநகரமாக ஆற்காடு இருந்தபோது, அதன் பெயரில் அடித்த வெள்ளி ரூபாய்க்குத் தென்னாட்டுச் சந்தைகளில் நல்ல மதிப்பு. மதிப்பு இருந்தால் அடுத்தவனும் அடிப்பான். கிழக்கிந்திய கம்பெனி ஆற்காட்டு ரூபாய் அடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஆற்காட்டு ரூபாய் அடித்தார்கள். எழுத்தெல்லாம் பாரசீகம், பெயர் எல்லாவற்றிலும் ஆற்காடு. ஆங்கிலேயரின் காசில் தாமரை, பிரெஞ்சுக்காரர் காசில் பிறை, அடையாளம் அவ்வளவுதான். மொகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். ஆனால் அவருடைய ஆறாம் ஆட்சியாண்டு என்று பொறித்த ரூபாயைக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. செத்த ராஜாவின் பெயர் மாறாமல் இருந்ததால் மக்கள் அதை நம்பினார்கள். ஒரு வகையில், அப்டேட் வந்துவிட்டது என்பதையே மறைத்துவைத்த நாணயம் அது.

ஆனால் சராபுகளை ஏமாற்ற முடியாது. காசு மாற்றும் அந்தச் செட்டிகள் ஒவ்வொரு காசையும் புரட்டி, நிறை பார்த்து, எந்தச் சாலையில் அடித்தது, எத்தனை தேய்ந்தது என்று கணக்கிட்டு வட்டம் பிடிப்பார்கள். வட்டம் என்றால் மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தொகை. எங்கள் ஊர்க் காந்தி ரோட்டில், மருத்துவமனைக்கு வரும் வங்கதேசத்து நோயாளிகளின் டாக்காவை ரூபாயாக்கித் தருகிறார்களே, அங்கே நடப்பதும் அதே வட்டம்தான். பெயர்தான் கமிஷன் ஆகிவிட்டது.

பிறகு 1818 ஜனவரியில் சென்னை மாகாணத்தில் பெரிய அப்டேட் வந்தது. அதுவரை கணக்கு வழக்கெல்லாம் தங்க வராகனில். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அந்த ஏற்பாட்டை நீக்கி, 180 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாயே இனி நாணயம் என்று கம்பெனி அறிவித்தது. கிரெயின் என்பது ஆங்கிலேயரின் சிறு எடை அலகு, நம் குன்றிமணி எடை போல. மாற்று விகிதம் 100 வராகனுக்கு 350 ரூபாய். 1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே கம்பெனி ரூபாய் என்று இன்னொரு சட்டம். அதோடு சராபுகளின் வட்டத்துக்குப் பெரும் அடி. வராகனை மண்பானையில் போட்டுப் புதைத்துவைத்தவருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அவர் முழுவதும் அழிந்துபோகவில்லை, ஏனென்றால் வராகன் தங்கம். அரசு கைவிட்டாலும் தட்டான் கைவிடமாட்டான்.

விளையாட்டுக் காசுக்கு அந்தத் தட்டான் கிடையாது. உருக்கினால் ஒன்றும் மிஞ்சாது. இந்த இடைவெளியை நிரப்ப முயன்ற ஒரே விளையாட்டு என்று நான் பாத் ஆஃப் எக்சைல் விளையாட்டைச் சொல்வேன். அங்கே பல ஆண்டுகள் பொற்காசே கிடையாது. ஆயுதத்தின் குணத்தை மாற்றும் உருண்டைகள்தான் காசு. வேண்டுமானால் அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். வேண்டுமானால் உங்கள் வாளின் மீது போட்டுச் செலவழிக்கலாம். செலவழித்தால் அது மறைந்துவிடும். காசுக்குள்ளேயே கலங்கல். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிய பருவம் தொடங்கும்போது எல்லாரும் வெறுங்கையோடு மீண்டும் ஆரம்பிக்கலாம் என்பதும் சேர்ந்துகொண்டது. 2024 ஜூலையில் அங்கேயும் பொன் வந்தது. ஆனால் அதை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. வடிவமைத்தவர்கள் மற்ற ஏரிகள் உடைந்த கதைகளைப் படித்திருக்கிறார்கள்.

அப்படி உடைந்த கதைகளில் பெரியது டயாப்லோ என்ற விளையாட்டு. இரண்டாம் பாகத்திலேயே பொன் மதிப்பிழந்து, ஜோர்டான் கல் என்ற ஒரு மோதிரத்தை ஆடுபவர்கள் தாங்களாகவே நாணயமாக்கிக்கொண்டார்கள். அரசு காசு செல்லாதபோது சிகரெட் பெட்டி காசாவது போல. அந்த மோதிரத்தையும் இரட்டிக்கும் தந்திரத்தைச் சிலர் கண்டுபிடித்துக் கள்ளக்காசு அடித்தார்கள் என்பது வேறு. மூன்றாம் பாகம் 2012 மே மாதம் வந்தபோது நிறுவனமே ஏலக்கூடம் நடத்தியது. பொன்னுக்கு ஒன்று, அடுத்த மாதம் உண்மைப் பணத்துக்கு ஒன்று. 2013 மே மாதத்து அப்டேட்டில் ஒரு சிறிய திருத்தம். பொன்னை விற்கும் மூட்டையின் அளவை 10 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். விலை சரிந்ததால் மூட்டையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஆனால் பெரிய எண்களைத் தாங்க முடியாமல் நிரல் தடுமாறியது. ஏலத்தில் வைத்துவிட்டு ரத்து செய்தால், வைத்ததைவிட அதிகப் பொன் திரும்பி வந்தது. கேட்டவுடன் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஒரு காசாளனின் கெட்ட கனவு இதுதான்: கொடுத்ததைவிட அதிகம் வரவு காட்டும் பேரேடு.

சில மணி நேரத்தில் ஏலக்கூடங்களை மூடினார்கள். உலகத்தையே முந்தைய நாளுக்குத் திருப்பிவைக்கச் சொல்லி ஒரு கூட்டம் கத்தியது. நிறுவனம் அதைச் செய்யவில்லை. கள்ளப் பொன் அடித்தவர்களின் கணக்குகளைத் தேடிப் பிடித்தது. ஆனால் உண்மையான நோய் அந்தப் பிழை அல்ல. நல்ல ஆயுதத்தைப் போரில் வெல்வதைவிடக் கடையில் வாங்குவது சுலபம் என்றாகிவிட்டது. போரிட வந்தவர்கள் தரகர்களாகிவிட்டார்கள். 2014 மார்ச் 18ஆம் தேதி இரண்டு ஏலக்கூடங்களையும் நிரந்தரமாக மூடினார்கள். ஆறு மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிட்டு மூடினார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சுவரில் மோதியது. பொன்னை உண்மைப் பணத்துக்கு விற்கும் கும்பல்களின் தொல்லை. திருட்டுக் கடன் அட்டைகளில் சந்தா கட்டினார்கள் என்பது நிறுவனத்தின் பெரிய தலைவலி. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலுமாகச் சுதந்திரக் கொடுக்கல் வாங்கலையே முடக்கிவிட்டார்கள். மதிப்பு சமமாக இல்லாவிட்டால் பொருளை மாற்ற முடியாது; நண்பனுக்கு ஒரு வாளை இனாமாகக் கொடுக்கவும் வரம்பு. கும்பல் ஒடுங்கியது. கூடவே ஆடியவர்களில் ஒரு பகுதியும் கசந்து கிளம்பியது. வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பழைய உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2013இலோ, 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்திருந்த பழைய நகலிலிருந்து விளையாட்டின் பழைய வடிவத்தையே தனி உலகமாகத் திறந்தார்கள். எல்லா அப்டேட்டையும் ரத்து செய்த அப்டேட். நாட்டு நிர்வாகத்தில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தப் பழைய உலகத்துப் பொன்தான், 2017க்குப் பின் வெனிசுவேலா பணம் சரிந்த காலத்தில், அந்நாட்டு இளைஞர்கள் பலருக்குச் சோறு போட்டது. பச்சை டிராகன்களைக் கொன்று சேர்த்த பொன்னை டாலருக்கு விற்று அரிசி வாங்கினார்கள். விதிகளின்படி அது குற்றம். ஆனாலும் ஒரு நாட்டின் ரிசர்வ் வங்கி அடித்த காசைவிட ஒரு விளையாட்டின் டிராகன் கக்கிய காசு உறுதியாக இருந்த நாட்கள் இருந்தன. 2021 டிசம்பரில் அங்கே சந்தை விற்பனைக்கு ஒரு சதவீத வரி வந்தது. வரிப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு நிறுவனமே சந்தையிலிருந்து பொருட்களை வாங்கி அழிக்கிறது. காசுக்கு ஒரு கலங்கல், பொருளுக்கு ஒரு கலங்கல். நான் படித்தவற்றில் மிகவும் நேர்த்தியான மராமத்து இது.

தண்ணீர் குறைந்தும் ஏரி கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் வந்த நியூ வேர்ல்ட் விளையாட்டில் வரி, வீட்டுச் செலவு, பழுதுக் கூலி என்று மதகுகள் பல. உச்ச நிலையை அடைந்தவர்களுக்கு வரத்தோ மெலிவு. காசைச் செலவிட மனமில்லாமல் பலர் பண்டமாற்றுக்குப் போனார்கள். அதற்கு மேல் காசை இரட்டிக்கும் பிழை ஒன்று வெளிப்பட, நவம்பரில் எல்லாவிதக் கொடுக்கல் வாங்கலையும் நிறுத்திவைத்தார்கள். அதைத் திருத்துவதற்குள் மற்றொன்று. அதே நவம்பரில் இங்கே பாலாறு கரைபுரண்டு ஓடியது.

உண்மைப் பணம் நேரடியாகக் கலந்த சந்தைகளில் அடி இன்னும் பலமாக விழுகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடும் அலங்கார மேல்பூச்சை ஸ்கின் என்பார்கள். சுடும் திறனில் ஒரு மாற்றமும் இல்லை, வெறும் அழகு. 2025 வரை, புதிதாக ஒரு கத்தி வேண்டுமென்றால் சாவி வாங்கிப் பெட்டி திறக்க வேண்டியிருந்தது. ஆயிரம் பெட்டியில் மூன்றில்கூட விழாது. அந்த அருமைதான் அதன் விலை. 2025 அக்டோபர் 22ஆம் தேதி, தீபாவளி முடிந்த கையோடு, ஓர் அப்டேட் வந்தது: கத்திக்கு அடுத்த படியில் இருக்கும் சிவப்புத் தர ஸ்கின் ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ வாங்கிக்கொள்ளலாம். முன்னறிவிப்பு இல்லை. கத்தி விலை பாதாளத்துக்குப் போனது. கேட்பாரற்றுக் கிடந்த சிவப்பு ஸ்கின்கள் பல மடங்கு ஏறின. மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 600 கோடி டாலரிலிருந்து 400 கோடி டாலர் அளவுக்குச் சரிந்ததாக விலைகளைக் கண்காணிக்கும் தளங்கள் கணக்குச் சொல்லின. நிறுவனம் ஒரு காசைக்கூட அச்சடிக்கவில்லை, ஒரு கத்தியைக்கூடப் பறிக்கவில்லை. கத்திக்கு ஒரு புதிய வாசல் திறந்தது. என் தலைமுறைக்காரனாக இதில் பாதி நியாயம் நிறுவனத்தின் பக்கம் இருப்பதாகவே நினைக்கிறேன். கத்தி ஒரு சிலரின் லாக்கரில் முடங்கிக் கிடந்ததை அது கலைத்தது. ஆனால் இரவோடு இரவாகச் செய்ததை மன்னிக்க மாட்டேன். நான் வங்கிக் கவுண்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்.

ஈவ் ஆன்லைன் கதை இதற்கு மாறுபாடு. ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று 2003இல் தொடங்கிய விண்வெளி உலகம் அது. 2007இல் அதற்கென்றே ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்தார்கள். எவ்வளவு காசு பிறந்தது, எவ்வளவு அழிந்தது, எந்த வட்டாரத்தில் எத்தனை கப்பல் உடைந்தது என்று மாதந்தோறும் புள்ளிவிவரம் வெளியிடுகிறார்கள். அங்கே போர்தான் பெரிய கலங்கல். 2014 ஜனவரியில் ஒரே சண்டையில் 75 ராட்சதக் கப்பல்கள் உடைந்தன. உண்மைப் பணத்தில் கணக்கிட்டால் சுமார் 3 லட்சம் டாலர் என்றார்கள். 2020 முதல் தாதுக்களைக் குறைத்து வேண்டுமென்றே பஞ்சத்தை உண்டாக்கியபோது ஆடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். கையில் எண்கள் இருந்ததால் திட்டுவதற்கும் ஆதாரம் இருந்தது. அதே நிறுவனம் 2011இல் கண்ணில் மாட்டும் ஒற்றைக் கண்ணாடி ஒன்றைக் கிட்டத்தட்ட 70 டாலருக்கு விற்கப் போய், ஆடியவர்கள் சந்தை மையத்தில் இருந்த நினைவுச்சின்னத்தைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தங்கள் கோபத்தைக் காட்டியதும் உண்டு.

நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கைப்பேசியில் ஆடுகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி. பப்ஜி வகை விளையாட்டுகளில் ரூபாய் கொடுத்து வாங்கும் காசைத் திரும்ப விற்க முடியாது, நண்பனோடு மாற்றிக்கொள்ளவும் முடியாது. கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு வாங்கும் டிக்கெட் போல. மாற்ற முடியாததற்குச் சந்தை விலை இல்லை. ஆகவே சரிவும் இல்லை. ஆனால் ராட்டினக்காரர் கூடாரத்தைப் பிரித்துவிட்டால் டிக்கெட் என்ன ஆகும்? 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது அதுதான் கேள்வியாக இருந்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் அது திரும்பியபோது பழைய கணக்கில் இருந்தவற்றைக் குறித்த காலத்துக்குள் மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீங்கி, 2023 மே மாதம் மறுபடி வந்தது. இங்கே அப்டேட்டைத் தீர்மானித்தது விளையாட்டு நிறுவனமே இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு என் மருமகனுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். உச்சத் தர ஆயுதம் வைத்திருந்தால் இப்போதே விற்றுவிடு. புதிய தொழிலுக்கு எந்தத் தாது வேண்டும் என்று நிறுவனம் சொல்லியிருந்தால் அதன் விலையைப் பார்; ஏற்கெனவே ஏறியிருந்தால் நீ தாமதம், ஏனென்றால் சந்தை அசைவது அப்டேட் வரும் நாளில் அல்ல, அறிவிப்பு வந்த நாளிலேயே. அறிவித்துவிட்டுச் செய்யும் நிறுவனமா, ராத்திரியில் செய்யும் நிறுவனமா என்று அதன் பழைய வரலாற்றைப் பார். ராத்திரி வகை என்றால் எதையும் நிறைய வைத்திருக்காதே, காசையும் சரக்கையும். எவ்வளவு உண்மை ரூபாய் போட்டிருக்கிறாய் என்றும் கேட்டேன். "எதுவும் இல்லை மாமா, எல்லாம் அரக்கன் வயிற்றுக் காசுதான்" என்றான். அக்கா பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் நான் துருவவில்லை.

தாத்தாவின் ரூபாயை எடுத்துக் காட்டினேன். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தான். பதினொரு கிராமும் சொச்சமும். "இதற்கு எத்தனை அப்டேட் வந்திருக்கும்?" என்று சிரித்தான்.

போன ஞாயிறு வந்தபோது முகம் சரியில்லை. பாதிக் காசுக்கு இரும்புத்தாது வாங்கி அடுக்கியிருக்கிறான். நிறுவனம் அப்டேட்டை மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டதாம். தாது விலை சரிந்துகொண்டிருக்கிறதாம். "இப்போதே விற்றுவிடட்டுமா மாமா, காத்திருக்கட்டுமா?" என்றான்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. முதலில் சாப்பிடச் சொன்னேன்.